தையல் சந்தேகங்கள்: அம்மாவின் சுங்குடியைக் கையால் தைப்பதா, மெஷினிலா?

கேள்வி: அம்மா கட்டிய சுங்குடிச் சேலைகள் ஏழெட்டு பத்திரமாக இருக்கின்றன. பேத்திகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அடுக்குப் போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. கையால் தைத்தால்தான் மெத்தென்று இருக்கும் என்கிறார் நாத்தனார். மெஷினில் போட்டால்தான் தாங்கும் என்கிறார் தெருமுனை டெய்லர். வீட்டில் கால் மெஷின் இருக்கிறது. எதைச் செய்வது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இருவர் சொல்வதும் சரி. ஆனால் நாத்தனார் பழைய துணியை நினைத்துச் சொல்கிறார், டெய்லர் புதுத் துணியை நினைத்துச் சொல்கிறார். உங்கள் கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். இடுப்பில் செருகிய பகுதியும் கொசுவம் விழுந்த பகுதியும் சல்லடை போலத் தெரிந்தால், அது கைத்தையலுக்கு உரிய துணி. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு கட்டைவிரலால் இலேசாக இழுத்துப் பாருங்கள். இழை விலகி அப்படியே நின்றுவிட்டால் மெஷின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

ஊசி போடும் துளைகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இழுவையில் இருக்கிறது. 14 நம்பர் மெஷின் ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர், 9 நம்பர் கை ஊசி அதைவிட நன்றாக மெலிந்தது. மெஷின் தையலில் மேல் நூலும் அடியில் வரும் பாபின் நூலும் பின்னிக்கொண்டு துணியை இறுக்கிப் பிடிக்கும். கையால் போடும் ஓட்டுத் தையலில் ஒரே நூல்தான், அதுவும் துணியோடு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். நைந்த சேலையில் மெஷின் தையல் போட்டுத் துவைத்தால் தையல் அப்படியே இருக்கும், துணிதான் அந்தக் கோட்டோடு கிழியும். நூல் அறுந்தால் மறுபடி தைத்துவிடலாம், சேலை கிழிந்தால் கிழிந்ததுதான்.

அளவுக்குக் கவலை இல்லை. 5.5 மீட்டர் சேலையை மூன்றாக வெட்டி அடுக்கினால் சுமார் 1.8 மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலத்தில் மூன்றடுக்குப் போர்வை ஒன்று வந்துவிடும். முந்தானைத் துண்டு மேலே வரட்டும், அதிகம் நைந்த துண்டு நடுவில் போகட்டும். மார்கழிப் பனிக்கும் ஏ.சி. அறைக்கும் மூன்று அடுக்குப் போதும். உள்ளே வேறு எதையும் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு யாரும் போர்த்த மாட்டார்கள்.

மூன்றையும் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, அடித்துண்டின் ஓரங்களை டேப்பால் ஒட்டிவிட்டு, நடுவிலிருந்து கூட்டல் குறி போல் கச்சா தையல் (பின்னால் பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். பிறகு 4 அங்குலத்துக்கு ஒரு வரிசை. இந்த வேலையில் அவசரப்பட்டால் பின்னால் எதையும் சரிசெய்ய முடியாது. தைக்கும் நூல் பருத்தியாக, 18 அங்குல நீளத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். நீளம் கூடினால் துணிக்குள் போய்ப்போய் வந்து நூல் பிசிறி முடிச்சு விழும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது. முடிச்சை வெளியே விடாமல், மெல்லச் சுண்டி மேலடுக்குக்குள் இறக்கிவிடுங்கள்.

கோடு போட பேனா வேண்டாம். சுங்குடியிலேயே புள்ளி வரிசை இருக்கிறதே! ஒரு புள்ளியை ஒட்டி ஊசியை இறக்கி, அடுத்த புள்ளிக்கு முன்னால் எடுத்துக்கொண்டே போனால் வரிசை கோணாது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகளைச் சுற்றித் தையல் ஓடும்போது போர்வைக்கு வரும் அழகு மெஷினில் வராது.

நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்றால் ஒரு போர்வைக்கு சுமார் 50 மீட்டர் தையல். மணிக்கு 2 மீட்டர் போனால் 25 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் ஒன்று முடியும்.

கால் மெஷினுக்கும் வேலை உண்டு. சேலையின் கரைதான் அதன் உறுதியான பகுதி. தேயாத கரை இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் புதுப் பருத்தியில், இரண்டரை அங்குலப் பட்டி வெட்டி நான்கு ஓரத்துக்கும் மெஷினில் பிடியுங்கள். பட்டியை மடித்துப் பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள். போர்வையில் முதலில் நைவது ஓரம் என்பதால் அங்கே மட்டும் மெஷின் இருப்பது நல்லது.

கேள்வி: புதுப் பருத்தித் துணிக்கு நடுவில் ஃபைபர் ஷீட் (பஞ்சு போன்ற செயற்கை இழை விரிப்பு) வைத்து மெஷினில் கோடு கோடாகத் தைத்தேன். அடித்துணியில் அங்கங்கே மடிப்பு விழுந்துவிட்டது. மெஷினின் நூல் டென்ஷனை (நூல் இறுக்கத்தை) மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை.
– வாசகர், செல்லூர்

பதில்: டென்ஷனை விட்டுவிடுங்கள். அது தளர்ந்தால் அடியில் நூல் வளையம் வளையமாக நிற்கும். இறுகினால் கோடு முழுக்க நெரிநெரியாகச் சுருங்கும். அங்கங்கே மடிப்பு விழுவது, அடித்துணி விறைப்பாக இல்லாமலே அடுக்கப்பட்டதால். மேல்துணி அலையலையாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் காரணம் வேறு: கீழே தட்டில் உள்ள பல் துணியை இழுக்கிறது, மேலே ஊசியடியில் துணியை அழுத்தும் ஃபுட் அமுக்கிப் பிடிக்கிறது.

பிரித்துவிட்டு, அடித்துணியைத் தரையில் ஒட்டி, 4 அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். ஃபுட் கம்பியின் தலையில் இருக்கும் அழுத்தத் திருகை இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள். மேலேயும் பல் உள்ள வாக்கிங் ஃபுட் வாங்கி மாட்டினால் மேல்துணியும் சேர்ந்து நகரும். கடைக்குப் போகும்போது உங்கள் பழைய ஃபுட்டைக் கையோடு கொண்டுபோய் உயரம் ஒத்துப்பாருங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர், ஊசி 14. தடிமனான ஷீட் என்றால் 16. நடுக்கோட்டில் தொடங்கி வெளியே போங்கள், எல்லாக் கோட்டையும் ஒரே முனையிலிருந்து தையுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று போனால் இரண்டுக்கும் இடையில் சாய்வாக மடிப்பு இழுக்கும். இடப்பக்கம் ஒரு மேஜை போட்டு எடையைத் தாங்குங்கள். துணி தொங்கினால் ஊசி வளையும். உங்கள் துணி புதுசு, அடிக்கடி துவைக்கப்போகிறீர்கள் என்றால் மெஷின் முடிவு சரியானதே.

கேள்வி: போடிப் பக்கத்து இலவம் பஞ்சு வீட்டில் இருக்கிறது. நடுவில் வைக்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். அந்த இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடிக்காது. இரண்டு துவைப்பில் மூலைக்குப் போய் உருண்டுவிடும். தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவப்புச் சுங்குடிச் சாயம் போர்வையில் சேர்க்கும் வெள்ளைத் துணியில் இறங்கிவிடுமா? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்கிறார்களே?
– வாசகி, மேலூர்

பதில்: சாயத் தொட்டியில்தான் உப்புக்கு வேலை, ஏற்கெனவே ஏறிய சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. ஈர வெள்ளைத் துணியை வைத்துச் சூடாக அயர்ன் செய்து பாருங்கள். நிறம் ஒட்டினால், தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தச் சேலையை வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டாம். தைத்த பிறகு இறங்கிவிட்டால் காயவிடாமல், அயர்ன் செய்யாமல், பெரிய பாத்திரத்தில் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்புத் திரவமும் விட்டு ஊறவையுங்கள். தண்ணீர் நிறம் மாற மாற மாற்றுங்கள்.