வீட்டுக் கடன் ஜப்தி: வங்கியை எதிர்த்து எங்கே, எப்போது போவது?

கேள்வி: வங்கியிலிருந்து 13(2) நோட்டீஸ் வந்திருக்கிறது. மகன் ஊரிலிருந்து வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்திருக்கிறேன். சரிதானே ஐயா?

பதில்: முதலில் அதை வெளியே எடுங்கள் அம்மா. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வந்த நோட்டீஸ் அது. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழிவிடும் சட்டம். பாக்கியைக் கட்ட உங்களுக்கு 60 நாள் கெடு. அதற்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் அனுப்பினால், அதை ஏற்காவிடில் ஏன் ஏற்கவில்லை என்று 15 நாளில் வங்கி பதில் எழுதியாக வேண்டும். பெரும்பாலோர் இதில் குடும்பக் கஷ்டத்தை எழுதுகிறார்கள். கஷ்டம் உண்மைதான், ஆனால் வழக்குக்கு உதவாது. கணக்கை எழுதுங்கள். எந்தத் தேதியில் கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை? 90 நாள் நிலுவை ஆவதற்கு முன்பே வாராக்கடன் பட்டியலில் சேர்த்தார்களா? நோட்டீஸில் உள்ள தொகையும் கடன் கணக்கு அறிக்கையில் உள்ள தொகையும் ஒத்துப்போகின்றனவா? கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் பேசப்போவது அவைதான்.

கேள்வி: வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாமா?

பதில்: முடியாது. மோசடி போன்ற அபூர்வ நிலைகள் தவிர, உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை இந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அடைத்துவிட்டது. கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17-ஆம் பிரிவின்படி 45 நாளுக்குள் மனு போட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது. நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், தீர்ப்பாயம் இருக்கும்போது அப்படி வரும் மனுக்களை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே கண்டித்ததை நினைவூட்டுங்கள். நோட்டீஸ் ஒட்டியதும் வீட்டைக் காலி செய்து ஓட வேண்டியதில்லை. குடியிருப்பவரை வெளியேற்ற, வங்கி வழக்கமாக மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கித்தான் வரும்.

கேள்வி: பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறது. தப்பிக்கலாமா?

பதில்: விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பட்டா மட்டும் போதாது, உண்மையில் பயிர் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். நஞ்சையில் மாடி வீடு நின்றால் அந்த வாதம் எடுபடாது.

கேள்வி: ஏல விளம்பரம் வந்த பிறகு முழுப் பணத்தையும் புரட்டிவிட்டேன். வீடு திரும்பக் கிடைக்குமா?

பதில்: முன்பு கிடைத்திருக்கும். 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை. பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எனக்கு இது கடுமையான சட்டமாகவே படுகிறது. இனி அறிவிப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஏலத்துக்கு உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் தந்தார்களா? இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழில், விளம்பரம் வந்ததா? மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடி எடுங்கள். இந்த 30 நாளைக் கடைப்பிடிக்காத விற்பனை செல்லாது என்று 2014-இல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

கேள்வி: கடனில் பெரும்பகுதியைக் கட்டி முடித்துவிட்டேன். இப்போதும் ஜப்தியா?

பதில்: அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் பாக்கி 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. 31(ஜே) பிரிவு. வக்கீலிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தீர்ப்பாயத்தில் தோற்றால்?

பதில்: 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும். கெஞ்சினாலும் கால் பங்குக்குக் கீழே குறையாது.

கேள்வி: ஏலத்தில் கடனைவிட அதிகத்துக்கு விற்றார்கள். மீதி?

பதில்: உங்களுடையது. கடனும் செலவும் போக மிஞ்சியதைத் தர வேண்டும். என்னென்ன செலவு பிடித்தார்கள் என்ற கணக்கை எழுதிக் கேளுங்கள்.