பில்லிங் சாஃப்ட்வேர யாரும் காப்பி அடிக்காம ஸ்கிரிப்ட் வச்சு லாக் பண்ண முடியுமா?

கீழமாசி வீதில ஒரு மளிகை மொத்தக்கடைக்கு குடுத்த பைத்தான்ல எழுதின பில்லிங் சாஃப்ட்வேர பக்கத்து கடைக்காரரு பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போயிட்டாருன்னு கேட்டிருக்கீங்க தம்பி. முடியும், ஆனா பேட்ச் ஃபைல்ல (விண்டோஸ் கட்டளைகள வரிசையா எழுதி வைக்கிற டெக்ஸ்ட் ஃபைல்) பாஸ்வேர்ட் செக் வைக்கிறதெல்லாம் வேணாம், நோட்பேட்ல திறந்தா அப்படியே தெரிஞ்சிரும்.

சாஃப்ட்வேர அந்த ஒரு கம்ப்யூட்டரோட கட்டிப் போடணும். அதுக்கு நிறைய பேரு சி டிரைவோட வால்யூம் சீரியல, அதாவது விண்டோஸ் அந்த டிரைவுக்குக் குடுக்குற நம்பர எடுப்பாங்க, ஃபார்மேட் பண்ணுனா அது மாறிரும். விண்டோஸ்ல கட்டளை அடிக்கிற பவர்ஷெல் வழியா மதர்போர்டு யூயூஐடிய, அதாவது அந்த போர்டோட தனி அடையாள நம்பர எடுங்க, ஆனா சில மலிவு போர்டுல அது பூரா சைபராவோ எஃப்-ஆவோ வரும், அப்படி வந்தா வேற சீரியலையும் சேத்துக்கங்க.

அந்த ஐடிய வெறும் ஹாஷ் பண்ணி (ஒரு ஃபார்முலால போட்டு வேற எழுத்தா மாத்தி) லைசென்ஸ் கீயா குடுக்காதீங்க, ஸ்கிரிப்ட படிக்கத் தெரிஞ்சவன் அவனே கீ செஞ்சுக்குவான். அந்த ஐடிய ஒரு லைசென்ஸ் ஃபைல்ல எழுதி ஈடி25519 மாதிரி முறைல டிஜிட்டல் கையெழுத்து போடுங்க, கையெழுத்து போடுற பிரைவேட் கீ உங்க கிட்டயே இருக்கணும், சாஃப்ட்வேருக்குள்ள அத சரிபாக்குற பப்ளிக் கீ மட்டும் போதும். அப்பவும் பைஇன்ஸ்டாலர்ல (பைத்தான் புரோகிராம எக்ஸ்இ ஃபைலா கட்டுற டூல்) செஞ்ச எக்ஸ்இய பிரிச்சு அந்த செக் வரியவே தூக்குறவங்க இருக்காங்க, அவங்கள இதெல்லாம் தடுக்காது.

எனக்கு ரொம்பப் புடிச்ச வழி, கடை பேரையும் 33ல ஆரம்பிக்கிற அந்த 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரையும் கையெழுத்து போட்ட லைசென்ஸ் ஃபைலுக்குள்ளயே வச்சு பில் தலைப்ப அதுல இருந்தே அடிக்க விடுங்க, அடுத்தவரு ஜிஎஸ்டி நம்பர்ல வியாபாரிங்க பெரும்பாலும் பில் போடமாட்டாங்க.

லைசென்ஸ் ஒத்துவரலன்னா புது பில்ல மட்டும் நிறுத்துங்க, பழைய கணக்கு எப்பவும் திறக்கணும், தீபாவளி நேரத்துல மதர்போர்டு போயி ஐடி மாறிருச்சுன்னா அந்த மனுசன் என்ன செய்வாரு?