மீன் தொட்டி கேள்வி பதில்: மருந்து பாட்டிலைத் திறக்கும் முன்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள் என்ற விவரம் பாதிக் கேள்விகளில் இல்லை. இந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் பதில் குருட்டாம்போக்காகத்தான் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்குங்கள். லிட்டர் கணக்கு வந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, போன ஞாயிற்றுக்கிழமை இரண்டடித் தொட்டியும் எட்டு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கினோம். மூன்றாம் நாள் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள், ஊற்றினோம். இதுவரை மூன்று மீன் செத்துவிட்டது. என்ன நோய் இது?

நோய் எதுவும் இல்லை தம்பி. தண்ணீர்தான் பிரச்சினை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர். கல், மணல் போக 50 கூட நிற்காது. அதில் எட்டு கோல்ட் ஃபிஷ் மிக அதிகம். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிச்சமான தீனியும் கழிவும் அழுகினாலும் அதே அம்மோனியாதான். பழைய தொட்டியில் இதை ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். உங்கள் தொட்டியில் அந்த பாக்டீரியா இன்னும் வரவே இல்லை. அது வளர்ந்து நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். அது வரப்போகும் பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும்.

இன்றே மருந்தை நிறுத்துங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், மீன் பட்டினியால் சாகாது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். முழுத் தொட்டியையும் காலி செய்து கழுவ வேண்டாம். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும். அதை முறிக்கும் ஆன்டி குளோரின் போடுங்கள், அல்லது அகலமான பக்கெட்டில் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் கல்) போட்டு ஒரு நாள் ஓடவிட்டு ஊற்றுங்கள். அப்புறம், தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய ஃபில்டரில் இருக்கும் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். எந்த மருந்தையும் விட அது உதவும். வெள்ளைக் கலங்கல் தானாகத் தெளியும். மீதி ஐந்தில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோல்ட் ஃபிஷ் கையளவு வளரும் மீன், கடையில் பார்த்த அளவிலேயே நிற்காது.

அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை புது மீன் வாங்க வேண்டாம். குறிப்பாக போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் கவனிக்க வேண்டும்: பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு ஆகிவிடும்.

மதுரையிலிருந்து: விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. தொட்டியில் செடி நிறைய இருக்கிறது. செடிதான் ஆக்சிஜன் தருமே சார்?

வெளிச்சத்தில் தரும். இரவில் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியும் நேரத்தில் மிகக் குறைவாக இருக்கிறது. வெயில் காலம் வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். இரவு விளக்கு அணைத்ததும் ஏர் பம்ப்பைப் போடுங்கள், காலை வரை ஓடட்டும். தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

எந்த மீன் மேலே வருகிறது என்றும் பாருங்கள். கௌராமியும் ஃபைட்டரும் காற்றை நேரடியாகக் குடிக்கும் மீன்கள். அவை அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு இறங்குவது இயல்பு. கப்பியும் டெட்ராவும் மேலேயே நின்று செவுளை வேகமாக அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். பகலிலும் அப்படி நின்றால் அம்மோனியாவைச் சோதியுங்கள்.

சேலத்திலிருந்து: ஏர் பம்ப் ‘ம்ம்ம்’ என்று சத்தம் போடுகிறது, குமிழி மட்டும் குறைந்துவிட்டது. புதிது வாங்கவா?

அவசரப்படாதீர்கள். பம்ப்பிலிருந்து டியூபைக் கழற்றி, காற்று வரும் முனையில் விரலை வைத்துப் பாருங்கள். காற்று வேகமாக வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, ஏர் ஸ்டோன்தான் உப்பு படிந்து அடைத்திருக்கிறது. புது ஸ்டோன் மாற்றினால் முடிந்தது. காற்று சோர்வாக வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு காந்தம் பதித்த கை, அதன் நுனியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காந்தம் அதிர அதிர அந்த ரப்பர்தான் காற்றைத் தள்ளுகிறது. அதை விரலால் லேசாக விரித்தால் மடிப்பில் மயிரிழை விரிசல் தெரியும். டயாஃப்ராம் எனும் அந்த ரப்பர் மட்டும் தனியாக, குறைந்த விலையில் கிடைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து: தொட்டியில் கை விட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. ஆனால் மீன்கள் நன்றாகத்தான் நீந்துகின்றன. பெரிய ஆபத்து இல்லைதானே?

மிகப் பெரிய ஆபத்து. இதைப் படித்ததும் முதல் வேலையாக, தண்ணீரைத் தொடாமல், சுவிட்ச் போர்டில் எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மீன் நன்றாக இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது. மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, அதன் வழியாகக் கரண்ட் தரைக்கு இறங்க வழி இல்லை. நீங்கள் தரையில் நின்றுகொண்டு கை விடும்போது உங்கள் உடம்பு வழியாக இறங்குகிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் சுருக்கோடு போகாது.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் குறை இருக்கும். ஒன்று, ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் விரிசல். இன்னொன்று, தண்ணீருக்குள் இருக்கும் பம்ப்பின் வயர் உள்ளே நுழையும் இடத்தில் உறை விட்டுப்போயிருப்பது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒவ்வொரு சாதனமாக மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறை உள்ளதை ஒட்டுப் போடாமல் தூக்கி எறியுங்கள். தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். கசிவு வந்த நொடியில் அது லைனைத் துண்டித்துவிடும். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டும்.

தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரைக் கால் மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். சூடான கண்ணாடி தண்ணீரை விட்டு வெளியே நின்று, மறுபடி குளிர்ந்த நீர் பட்டால்தான் விரிசல் விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், இதையெல்லாம் சரிசெய்யும் வரை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

திருவாரூரிலிருந்து: கரண்ட் போனதும் ஏர் டியூப் வழியாகத் தண்ணீர் கீழே கொட்டி ஹால் முழுக்க ஈரம்.

பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே ஒரு பலகையில் வையுங்கள். முடியாவிட்டால் டியூபின் நடுவில், ஒரு பக்கம் மட்டுமே வழி விடும் செக் வால்வு ஒன்று மாட்டுங்கள், அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, கிணத்துத் தண்ணிதான் பாவிக்கிறோம். நியோன் டெட்ரா விட்டால் நிக்குதில்லை. கண்ணாடியில வெள்ளைப் படிவு வேற.

உங்கள் ஊர் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் கடினமாகத்தான் இருக்கும், அந்தப் படிவும் அதனால்தான். நியோன் டெட்ரா அமேசான் பக்கத்து மென்மையான நீரில் பிறந்த மீன். அதற்காகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதை விட, மோலி, கப்பி, பிளாட்டி வளருங்கள். அவை உங்கள் தண்ணீரில் செழித்துக் குட்டி போடும். ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுகட்ட மட்டும் மழைநீரோ ஆர்ஓ நீரோ ஊற்றுங்கள். கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் தொட்டி முழுக்க வெறும் ஆர்ஓ நீர் வேண்டாம், பிஎச் திடீரென்று சரிந்துவிடும்.

ஊட்டியிலிருந்து: மீன் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. கல்லில் உடம்பைத் தேய்க்கின்றன. 60 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர் இருக்கிறது.

இது இக் எனும் வெள்ளைப் புள்ளி நோய். இங்கே உண்மையிலேயே நோய்தான். சமவெளியில் லிட்டருக்கு ஒரு வாட் போதும். உங்கள் குளிருக்குப் பத்தாது, 100 வாட்டாவது வேண்டும். இரவில் சூடு இறங்கி ஏறுவதே மீனைப் பலவீனமாக்கி நோய்க்கு வழி விட்டிருக்கும். ஒரு தெர்மாமீட்டர் ஒட்டி, அதிகாலையில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது. அது உதிர்ந்து, பெருகி, நீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அதனால் சூட்டை மெதுவாக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றி 30-க்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சுழற்சி வேகமாகும். ஏர் பம்ப்பையும் கூட்டி வையுங்கள். அயோடின் கலக்காத கல் உப்பை லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கணக்கில், இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றலாம். செடியும் கெளுத்தி வகை மீனும் இருந்தால் குறைவாகப் போடுங்கள். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

திருச்சியிலிருந்து: டைகர் பார்ப் இரண்டும் சேர்ந்து ஏஞ்சலின் வாலைக் கடித்துக் குதறுகின்றன.

அவற்றைப் பிரித்துவிடுங்கள். டைகர் பார்ப் ஆறு, எட்டு சேர்ந்த கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். இரண்டு மட்டும் இருந்தால் அடுத்த மீன்மேல் பாயும். எத்தனை இருந்தாலும் நீளத் துடுப்பு உள்ள ஏஞ்சலோடு சேர்க்க வேண்டாம்.

செங்கல்பட்டிலிருந்து: பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ வாங்கினோம். இப்போது ஓரடி நீளம். பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா அண்ணா?

தயவுசெய்து விடாதீர்கள். அது தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் கவசத் தகடு, ஆக்சிஜன் குறைந்தால் காற்றைக் குடித்துப் பிழைக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும். நம் ஊர் ஏரி, குளங்களில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. அதன் முள் சிக்கினால் வலை கிழிகிறது, விற்கவும் முடிவதில்லை என்று மீனவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். பாசிக்கு, ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றி, விளக்கை ஆறேழு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பழைய ஸ்பாஞ்சால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.