பதில்: ஒரே பட்டனில் டைப் அடிக்க, பழைய மவுசே போதும்

பொள்ளாச்சியிலிருந்து கேட்டிருக்கீங்க: பெருமூளை வாதம் உள்ள பையனுக்கு மவுஸ் பிடிக்க வராது, உள்ளங்கையால் அழுத்த மட்டும் வரும், எப்படி டைப் அடிக்க வைக்கிறதுன்னு. முடியுங்க. இதுக்குன்னே விக்கிற விலை கூடின ஸ்விட்ச் இப்பவே வேண்டாம்.

பழைய யுஎஸ்பி மவுசைப் பிரிச்சா இடது பட்டனுக்கு அடியில் குட்டி ஸ்விட்ச் இருக்கும், பெரும்பாலும் மூணு கால். மல்டிமீட்டரை (மின் அளவு பார்க்கிற கருவி) இணைப்பு இருந்தா பீப் அடிக்கிற நிலையில் வெச்சு, அழுத்தினா மட்டும் சத்தம் வர்ற ரெண்டு காலைக் கண்டுபிடிங்க. அதில் வயரை சால்டர் பண்ணி 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டுக்கு (ஹெட்போன் மாட்டுற அளவு துளை) கொண்டுபோங்க. சாக்கெட் இல்லாம நேரா இழுத்தீங்கன்னா, பையன் ஒருதரம் வெடுக்குன்னு இழுத்தாலே மவுஸ் ஸ்விட்சோட கால் பேர்ந்துடும். பின்னாடி ரெடிமேட் வாங்கினாலும் பெரும்பாலும் இதே பிளக்தான். சாக்கெட்டில் செருகுற பிளக் வயரோட மறுமுனைக்கு காலிங் பெல் ஸ்விட்ச் போதும். லைட் ஸ்விட்ச் ஆகாது, விட்டதும் தானா மேல வரணும். மவுஸ் அடியில் சென்சாரைக் கறுப்பு டேப்பால் மூடிடுங்க, இல்லேன்னா அம்புக்குறி அலையும்.

விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூணையும் சேர்த்து அழுத்தினா திரையில் கீபோர்டு வரும். ஆப்ஷன்ஸில் ‘ஸ்கேன் த்ரூ கீஸ்’, அதில் மவுஸ் கிளிக் தேர்ந்தெடுங்க. கீபோர்டில் வெளிச்சம் தானா நகரும், வேண்டிய இடத்துக்கு வர்றப்போ பையன் பட்டனை அழுத்தினா அது தேர்வாகும். வெளிச்சம் நகர்ற வேகத்தை 3 விநாடியில் ஆரம்பிங்க.

எழுத்து தவறிட்டே இருந்தா வேகத்தைக் குறை சொல்லாதீங்க. அனேகமா பட்டன் மேசையில் வழுக்கும். பலகையில் திருகி, பலகைக்கு கிளாம்ப் போடுங்க.