பனி கொட்டி முடிந்த மறுநாள் வெயில் அடித்தால் மலையேறலாமா?

திருகோணமலையில் இருந்து முதல் தடவையாகச் சுவிஸ் போகிறீர்கள். மச்சானோடு பாதை போடாத மலையில் ஏறும்போது, பனி கொட்டி முடிந்து வெயில் வந்துவிட்டால் பயமில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் இருக்கிறது: மலைச்சரிவில் பனி மொத்தமாகக் கழன்று இறங்கும் பனிச்சரிவு. அந்த முதல் வெயில் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் ஊரில் மாரி மழை விட்டால் ஆபத்தும் விலகியது என்று பழகிவிட்டோம். பனி அப்படி வடிந்து போகாது, அடுக்கடுக்காக அங்கேயே கிடக்கும். வீட்டிலேயே செய்து பாருங்கள்: தட்டில் சீனியைத் தூவி, அதன்மேல் காய்ந்த ரொட்டி ஒன்றை வைத்து, தட்டை மெல்லச் சரியுங்கள். கொஞ்ச நேரம் அசையாது. பிறகு ரொட்டி முழுசாக வழுக்கி இறங்கும். மலையிலும் இதேதான். அடியில் உள்ள பனி சீனிமணி போலப் பிடிப்பற்றுப் போயிருக்கும். மேலே காற்று கொண்டுவந்து குவித்தது பலகை போல இறுகியிருக்கும். 30 பாகைக்கு மேல் சரிவென்றால், ஒரு ஆள் கால் வைத்தாலே பலகை கழன்றுவிடலாம். காலடியில் 'வூம்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ உடனே திரும்புங்கள்.

டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. 5 படிகளில் 3 என்றால் நடுத்தரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். உயிரிழப்புகளில் பெரும் பங்கு அந்தப் படியில்தான்.

அப்புறம், ஆளுக்கொரு சிக்னல் கருவி (பனிக்குள் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டுவது), துழாவும் கம்பி, பனி அள்ளும் சவல் வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும்; ஹெலிகொப்டர் அதற்குள் வருவது அரிது. மச்சானிடம் இந்த மூன்றும் இல்லையென்றால் போக வேண்டாம்.