உச்சிச் சூரியன் சித்திரை முதல் வாரத்தில், கத்திரி மட்டும் ஏன் மே மாதத்தில்?

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரலில் என்கிறார்கள். அப்படியானால் கத்திரி ஏன் மே மாதத்தில் வருகிறது? ஒரே நாளில் பார்த்தாலும் 12 மணியைவிட இரண்டரை மணிக்குத்தானே வெக்கை அதிகம்?

பதில்:

கேட்டது இரண்டு, ஆனால் காரணம் ஒன்றுதான். வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. வெயில் தரையைக் காய்ச்சுகிறது, காய்ந்த தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டாலும் தோசைக்கல் காய நேரம் பிடிக்கும் அல்லவா, அந்தத் தாமதம்தான் இது.

வளிமண்டலத்தின் மேல் எல்லையில், சூரியனுக்கு நேர் எதிரே வைத்த ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட் வந்து சேர்கிறது. பூமி முழுவதற்குமான சராசரியில், வருவதில் நூற்றுக்கு 30 பங்கு மேகத்திலும் தூசியிலும் தரையிலும் பட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. 23 பங்கைக் காற்றும் மேகமும் உறிஞ்சுகின்றன. மீதி 47 பங்கு தரைக்கும் கடலுக்கும். இந்த 47தான் கீழிருந்து அனல், நீராவி, அகச்சிவப்புக் கதிர் என்று மூன்று வழியில் காற்றுக்குள் ஏறுகிறது. சுமார் 2100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் குளிர்வதும் இதனால்தான்: சூடாக்கும் அடுப்பு கீழே இருக்கிறது, மேலே போகப் போகக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது.

முதலில் ஒரு நாள் கணக்கு. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. தஞ்சை அதற்கு மேற்கே 79.1 பாகையில் இருப்பதால் ஏப்ரல் நடுவில் இங்கே உண்மையான உச்சிப்பொழுது 12.13க்குத்தான். அதன்பின் வெயில் சரியத் தொடங்கினாலும், தரைக்கு வரும் வெப்பம் தரை இழப்பதைவிட இன்னும் சில மணி நேரம் கூடுதலாகவே இருக்கும். வரவும் செலவும் சமமாகும் வரை காற்றின் சூடு ஏறும். அது பெரும்பாலும் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில். இரவில் இதன் மறுபக்கம்: செலவு மட்டுமே நடக்கிறது, ஆகவே ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பம் நள்ளிரவில் வராது, விடியும்போதுதான் வரும். மார்கழியில் வானம் வெளுத்திருந்தால் பனி கொட்டும். மேகம் மூடிய ஐப்பசி இரவில் அதே வயலில் பனி இராது, மேகம் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக் கீழே திருப்பி அனுப்புவதால்.

இனி ஆண்டுக் கணக்கு. தஞ்சையின் அட்சரேகை 10.8 பாகை. சூரியன் இங்கே தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரண்டு முறை: ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 25ஐ ஒட்டியும். சமதளத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள், அந்த நாட்களில் உச்சிப்பொழுதில் நிழல் அடியில் ஒடுங்கிவிடும். மே மாதத்தில் சூரியன் பூமிக்கு நெருங்கி வருகிறது என்று சிலர் சொல்வது தவறு. மிக நெருங்குவது ஜனவரி தொடக்கத்தில் (14.7 கோடி கி.மீ.), மிக விலகுவது ஜூலை தொடக்கத்தில் (15.2 கோடி கி.மீ.).

இரண்டு தேதிகளிலும் சூரியனின் உயரம் ஒன்றே. ஆனாலும் ஆகஸ்டில் கத்திரி இல்லை. டெல்டாவில் இதற்கு விடை வயலில் கிடக்கிறது. சம்பா, தாளடி அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தபின் சித்திரையில் களிமண் வெடித்துக் கிடக்கும். ஆவியாக நீர் இல்லை, வரும் வெயில் அத்தனையும் மண்ணுக்கும் காற்றுக்கும்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் ஆவியாக சுமார் 2.45 மெகாஜூல் வேண்டும். நீர் நிற்கும் நடவு வயலில் நாளொன்றுக்கு 5 மி.மீ. போனால் 12 மெகாஜூலுக்கு மேல் அதிலேயே செலவு. அதே 12 மெகாஜூல் காற்றுக்கு மட்டுமே போனால், அந்தச் சதுர மீட்டருக்கு மேலே 1 கி.மீ. உயரம் நிற்கும் காற்றுத் தூணை (எடை 1 டன்னுக்கு மேல்) சுமார் 11 டிகிரி ஏற்றிவிடும். நடைமுறையில் காற்று கலந்து பரவிவிடும் என்பதால் இந்த 11 அப்படியே தெரியாது.

ஆக ஏப்ரல் 18க்குப் பிறகும் வெயில் பெரிதாகக் குறைவதில்லை, பகலோ நீள்கிறது, மண்ணும் காய்ந்துகொண்டே போகிறது. வரவு மிச்சம் நாளுக்கு நாள் சேர்ந்து மே மாதத்தில் முற்றுகிறது. பிறகு தென்மேற்குப் பருவத்தின் மேகமும், வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் திறந்து குறுவைக்கு வரும் நீரும் அதை இறக்குகின்றன. திறப்பு தள்ளிப்போனால் இந்த இரண்டாவது உதவி கடைமடைக்கு வர இன்னும் தாமதமாகும். ஒன்று மட்டும்: வயல் நீர் வெக்கையைக் குறைக்கும், புழுக்கத்தைக் கூட்டும். உடம்புக்கு எது மேல் என்பது வேறு கேள்வி.

நாகை, வேதாரண்யம் பக்கம் கடல்காற்று உள்ளே வந்தால் பிற்பகலிலேயே சூடு அடங்கிவிடும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல்காற்று கரையிலேயே நின்றுவிடும். மலை தாண்டி இறங்கும் அந்தக் காற்று வறண்டது, சூடானது. அன்று கடலோரத்திலும் கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊர்கள் அளவுக்குக் காயும்.

வீட்டிலேயே அளந்து பார்க்க விரும்பினால், வெப்பமானியை வெயிலில் வைக்காதீர்கள். அது காற்றை அளக்காது, தான் உறிஞ்சிய வெயிலை அளந்து காட்டும். தரையிலிருந்து நாலடி உயரம், காற்றோட்டமான நிழல், அடியில் மண் அல்லது புல் வேண்டும். சிமெண்ட் களம், தகரக் கொட்டகை, ஏசி வெளிப்பெட்டி மூன்றும் ஆகாது. வடக்குச் சுவரில் மாட்டுங்கள் என்று பல கையேடுகளில் இருக்கும். அது கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு எழுதியது. நமக்கு ஏப்ரல் 18 முதல் ஆகஸ்ட் 25 வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும், நீங்கள் தேடும் கத்திரிக் கணக்கு கெட்டுப்போகும். நாலு பக்கமும் சரிவுப் பலகை வைத்து வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள் தொங்கவிடுவதுதான் ஒழுங்கு.