மாமாவுக்குச் சொல்லிக் காட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். ஆயா, தண்ணி, வேணா, லாரி, இந்தா, டாட்டா என்று கொஞ்சம் சொற்கள்தான் வருகின்றன. மனைவி வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். இரண்டையும் கலந்து குழப்புவதால்தான் பேச்சு வரவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வீடியோ எடுக்கப் போனால் வாயைத் திறப்பதில்லை. ஆனால் தெருவில் பிடித்த "இன்னாடா"வை மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் தெளிவாகச் சொல்லி மானத்தை வாங்குகிறான். அண்ணா நகரில் என் அக்கா மகள், இதே வயது, கலர் பெயரெல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறாள். போனில் பார்த்தே கற்றுக்கொண்டாளாம். குறும்பும் கூடிவிட்டது. பீரோ சாவியை அரிசி டின்னுக்குள் புதைக்கிறான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தண்ணீர் டிரம்முக்குள் செருப்பைப் போடுகிறான். சிரிப்பும் வருகிறது, கவலையாகவும் இருக்கிறது. அவனைத் தெருப்பக்கம் விடாமல் வைத்துக்கொள்ளலாமா? இப்போதே பிளே ஸ்கூலில் சேர்த்துவிடலாமா?

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த டிரம். சிரிப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்கும்போதே அடிவயிறு கலங்கியது. இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்க்கிற பிள்ளை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. பக்கத்து அறையில் இருக்கிறவருக்குக்கூடச் சத்தம் கேட்காது. டிரம்கூட வேண்டாம், கால் வாளித் தண்ணீர் போதும். நம் பக்கம் நீல டிரம் இல்லாத வீடு ஏது? அதனால்தான் சொல்கிறேன், எழுந்து போய் மூடியை இறுக்கிப் போட்டு, ஸ்டூலை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

வந்தாச்சா? சரி.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "வீடியோ எடுக்கப் போனால் வாயைத் திறப்பதில்லை" என்ற வரி. போன மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் இரண்டாவது பிறந்தநாள் விழா. கேக் வெட்டுவதற்கு முன் மைக்கைப் பிள்ளையின் வாயருகே நீட்டி, "மாடு எப்படிக் கத்தும்? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்றார் அப்பா. பிள்ளை மைக்கை நக்கிப் பார்த்தது. அந்த வயதில் மைக்கை வைத்துச் செய்யக்கூடிய உருப்படியான வேலை அதுதான். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. "வீட்ல நல்லா சொல்லுவான்" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சமாதானம் சொன்னார். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

பேச்சு ஒரு பிள்ளைக்கு எதற்கு, யோசித்துப் பாருங்கள். தண்ணி என்றால் தண்ணீர் வர வேண்டும். வேணா என்றால் கரண்டி விலக வேண்டும். ஆயா என்றால் ஒரு மடி கிடைக்க வேண்டும். "மாடு எப்படிக் கத்தும்" என்பதற்குப் பதில் சொன்னால் என்ன கிடைக்கும்? கைதட்டல். கேட்கிற ஆளுக்கே பதில் தெரியும் என்று பிள்ளைக்கும் தெரியும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர்கள் வாத்தியாரும் போலீஸும்தான். இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு அப்பா ஏன் அந்த வேலைக்குப் போக வேண்டும்? உங்கள் மகன் போனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறான் என்றால், பையன் விவரமானவன்.

2019 கோடை ஞாபகம் இருக்கும். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் எல்லாம் காய்ந்து கிடந்தன. குழாயைத் திறந்தால் காற்று. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் இருந்தோம். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மெட்ரோ வாட்டர் லாரி பகலில் வருமா, நடுராத்திரி வருமா என்று யாருக்கும் தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற இவள் "லாயி!" என்று கத்துவாள். உள்ளேயிருந்து அத்தனை பேரும் குடத்தோடு ஓடுவோம். போய்ப் பார்த்தால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி நின்றுகொண்டிருக்கும்.

சக்கரம் வைத்த பெரிசு எல்லாமே அவளுக்கு அப்போது லாயிதான். மாநகரப் பேருந்து, குப்பை வண்டி, ஒரு நாள் சாமி ஊர்வலத்து வண்டிகூட. எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் செய்யும். காசிமேட்டுக்காரர்கள் வலையை அகலமாகப் போட்டுவிட்டு, வேண்டாததைக் கரையில் கழித்துப் போடுகிற மாதிரி. அவளும் கழித்தாள். முதலில் பேருந்து போனது, பிறகு குப்பை வண்டி. கடைசியாகக் கண்டெய்னர். ஆடி மாதம் வருவதற்குள், தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பும்போதே சத்தத்தை வைத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கண்டெய்னர் போனால் தலையைக்கூடத் திருப்ப மாட்டாள்.

யாரும் அவளுக்குப் படம் காட்டிச் சொல்லித்தரவில்லை. எதிர்க் குடித்தனத்து அக்காவும், பின்கட்டு ஆயாவும், நானும், எங்களுக்கு முன்னே என் மாமியாரும் அந்த ஒன்றரை வயதுப் பிள்ளையின் வாயை நம்பிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தப்பாகச் சொன்னால் "அடியே, ஏமாத்திட்டியே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போவார்கள். அடுத்த முறை கத்தினாலும் ஓடுவார்கள். உங்கள் அக்கா மகள் சிவப்பு, பச்சை என்று சொல்லும்போது யார் தம்பி எழுந்து ஓடுகிறார்கள்?

இவ்வளவு பெருமை பேசுகிறேனே, அதே மகள் அதே கோடையில் ஒரு குடம் தண்ணீரை டம்ளரால் மொண்டு மொண்டு சாக்கடையில் ஊற்றித் தீர்த்தாள். எதிர்க் குடித்தனத்து அக்கா பத்ரகாளி ஆகிவிட்டார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளரில் கேழ்வரகைப் போட்டு, இன்னொரு காலி டம்ளரையும் கொடுத்து முற்றத்தில் உட்கார வைத்தார். அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு. சிந்தியதைச் சாயங்காலம் பெருக்கியது நான், அது வேறு கதை. ஆனால் மழைக்காலம் வந்தபோது சொம்பிலிருந்து டம்ளருக்குத் தானே ஊற்றிக் குடித்தாள்.

பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் சிற்றில் என்று ஒரு பருவம் உண்டு. சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள். அவன் வந்து காலால் எற்றிக் கலைப்பான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதாகப் பாட்டு போகும். குறும்புக்கு ஒரு பருவத்தையே ஒதுக்கிய புலவர்கள், கலர் பெயர் ஒப்பிக்க ஒரு பருவம் வைக்கவில்லை. ஆகவே பீரோவுக்கு இன்னொரு சாவி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மறைந்தது உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பையன் சோதித்துக்கொண்டிருக்கிறான்.

தெலுங்கு விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். ராயபுரம், தண்டையார்பேட்டையில் இரண்டு மொழியும் புழங்குகிற வீடுகள் எத்தனையோ. இரு மொழி கேட்பதால் பேச்சு தள்ளிப்போவதில்லை என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்லியாயிற்று. எண்ணத்தான் வேண்டும் என்றால் இரண்டு மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணுங்கள். நீங்கள் கொடுத்த பட்டியலில் ஒரு தெலுங்குச் சொல்கூட இல்லை. அம்மாவிடம் அவன் "நீள்ளு" கேட்பதே இல்லையா, இல்லை உங்கள் கணக்கில் அது ஏறவில்லையா?

"இன்னாடா" மானத்தை வாங்குகிறதா? நாள் முழுக்க அவனை "டா" போட்டுக் கூப்பிடுகிறவர் யார்? வாங்கினதைத் திருப்பித் தருகிறான். அவனிடம் "வாங்க, சாப்புடுங்க" என்று பேசிப் பாருங்கள், அதுவும் திரும்பி வரும். "இன்னா"வில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் பேசுகிறேன்.

போன் வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. நான் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கவலைப்பட வேண்டிய இடமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? "செருப்பு எங்கே" என்றால் டிரம்மைக் காட்டுகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கிறானா? இதெல்லாம் இருந்தால் பொறுத்திருங்கள். இரண்டு வயது முடிந்தும் "தண்ணி தா" என்று இரண்டு சொல் சேரவில்லை என்றாலோ, வந்த சொல் நின்றுபோனாலோ, "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்" என்று ஆயா சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ காட்டி, முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தெருவில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இவ்வளவு நேரம் லாரிக் கதை சொன்னேன். தனியாக விடாதீர்கள், உங்கள் தெருவில் போகிற வண்டிகள் எனக்கும் தெரியும். ஆயாவோடு வாசற்படியில் உட்காரட்டும்.

பிளே ஸ்கூலுக்கு இப்போது என்ன அவசரம்? அப்புறம் சேர்ப்பதாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு காலை நேரம் அங்கே போய் உட்காருங்கள். உங்கள் பக்கத்து அங்கன்வாடியையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற படங்களை விடுங்கள். ஒரு பிள்ளை ஏதோ உளறும்போது, அங்கே இருக்கிற அம்மா கையில் இருக்கும் வேலையை நிறுத்தி "என்னடா கண்ணு?" என்று கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கேட்டால் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா